ரீஸ்கிரிப்டும் பண்ட்லரும்: வெப்பேக்கிலிருந்து வீட் கருவி வரை

ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும் ஒரு நிரல்மொழியைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் அதன் இலக்கணத்தையும் வகை அமைப்பையும் நெடுநாள் ஆராய்கிறோம். நாம் எழுதியதை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றும் அதன் கம்பைலர் எழுதித் தரும் கோப்பு எப்படிப்பட்டது என்பதைக் கடைசியில்தான் பார்க்கிறோம். அப்படிப்பட்ட ஒரு மொழியான ரீஸ்கிரிப்டில் எழுதிய ஒரு செயலியை, பல கோப்புகளை உலாவிக்கு ஏற்றபடி தொகுத்துத் தரும் பண்ட்லர்களான வெப்பேக்குடன் முதலிலும் வீட் கருவியுடன் பின்னரும் இணைத்துச் சில ஆண்டுகள் நடத்தியபின், ஒரு மொழி பண்ட்லருடன் ஒத்துப்போவதும் போகாததும் பெரும்பாலும் அந்த வெளியீட்டுக் கோப்பைப் பொறுத்ததே என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன்.

எங்கள் செயலி மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் கமிஷன் கடைகளுக்கானது. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து விவசாயிகள் கொண்டுவரும் மல்லி, பிச்சி, கனகாம்பரத்தின் எடையும், அன்றைய விலையும், கமிஷனும், ஏற்கெனவே வாங்கிய முன்பணமும் அதில் பதிவாகின்றன. முகூர்த்த நாட்களில் பொழுது விடிவதற்குள்ளேயே விலை பலமுறை மாறிவிடும். கிராமைக் கிலோவாகவோ பைசாவை ரூபாயாகவோ எடுத்துக்கொள்ளும் ஒரே ஒரு வரி, விவசாயியின் கைக்குப் போக வேண்டிய பணத்தைக் குறைத்துவிடும் என்பதால், அந்த அலகுகளைத் தனித்தனி வகைகளாக வைத்து, கலந்தால் கம்பைலரே மறுக்கும்படி செய்ய விரும்பினோம். கடைக்காரர்கள் பெரும்பாலும் விலை குறைந்த கைப்பேசிகளையே வைத்திருக்கிறார்கள். ஆகவே உலாவிக்குப் போகும் கோப்பின் அளவும் எங்களுக்கு முக்கியமாக இருந்தது.

ரீஸ்கிரிப்ட், 2016-இல் புளூம்பெர்க் நிறுவனத்தில் உருவான பக்கிள்ஸ்கிரிப்டின் தொடர்ச்சி. 2020-இல் இன்றைய பெயரைப் பெற்றது. ஓகேமல் என்ற நிரல்மொழியின் வகை அமைப்பை அடித்தளமாகக் கொண்ட அதன் கம்பைலர், ஒவ்வொரு மூலக் கோப்புக்கும் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பை, நாம் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வடிவத்தில் எழுதுகிறது. எல்ம் மொழி இதற்கு மாறானது. அது முழு நிரலையும் ஒரே கோப்பாக்கி, தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் ஒரு செயற்கூறுக்குள் வைத்து, மேல்மட்ட ‘திஸ்’ (நிரல் ஓடும் சூழலின் பொருளைக் குறிக்கும் சொல்) மீது ஏற்றிவிடுகிறது. இம்போர்ட், எக்ஸ்போர்ட் வரிகளால் கோப்புகளை இணைக்கும் ஜாவாஸ்கிரிப்டின் தர முறையான ஈஎஸ் மாட்யூலில் மேல்மட்ட ‘திஸ்’ வரையறுக்கப்படாத ஒன்று என்பதால், அந்த வெளியீட்டைத் திருத்திக் கொடுக்க பண்ட்லருடன் சேரும் ஒரு துணை நிரல், அதாவது ப்ளக்-இன், தேவைப்படுகிறது. எல்மின் வகை அமைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் பண்ட்லர் மாறும்போதெல்லாம் அதற்குரிய ப்ளக்-இன்னை யாராவது பராமரிக்கிறார்களா என்று தேட வேண்டிய நிலையை ஒரு சிறிய குழு தாங்குவது கடினம். ரீஸ்கிரிப்டில் அந்தத் தேடல் இல்லை. ஒரு டெர்மினலில் கம்பைலர் ஓடுகிறது, இன்னொன்றில் பண்ட்லர் ஓடுகிறது. ரீஸ்கிரிப்ட் என்றொரு மொழி இருப்பதே பண்ட்லருக்குத் தெரியாது.

அமைப்புக் கோப்பில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மாட்யூல் வடிவத்தைக் காமன்ஜேஎஸ் (ஈஎஸ் மாட்யூலுக்கு முந்தைய முறை) என்று வைத்தாலும் வெப்பேக் ஏற்றுக்கொள்ளும். ஆனால் பயன்படாத செயற்கூறுகளை நீக்கும் ட்ரீ ஷேக்கிங், நிலையான இம்போர்ட், எக்ஸ்போர்ட் வரிகளை நம்பியே நடப்பதால், ரீஸ்கிரிப்டுடன் வரும் பெல்ட் நூலகத்தின் ஒரு சிறு செயற்கூறுக்காகத் தேவையற்ற பகுதிகளும் உள்ளே வந்துவிடும். வீட் கருவியோ, நம் சொந்தக் கோப்புகள் ஈஎஸ் மாட்யூல்களாக இருப்பதையே எதிர்பார்க்கிறது. எனவே எந்தப் பண்ட்லராக இருந்தாலும் முதல் நாளிலேயே ஈஎஸ் மாட்யூல் வடிவத்தை வைத்துவிடுவது நல்லது.

அடுத்தது வெளியீடு எங்கே எழுதப்படுகிறது என்பது. ஒரு படத்தை எக்ஸ்டர்னல் அறிவிப்பில் (வெளியிலுள்ளதைச் சுட்டும் வரியில்) குறிக்கும்போது, நாம் எழுதிய சார்புப் பாதையைக் கம்பைலர் சற்றும் மாற்றாமல் அப்படியே வெளியீட்டில் பதிக்கிறது. வெளியீடு மூலக் கோப்பின் பக்கத்திலேயே அமைந்தால் பாதை பொருந்துகிறது. ‘லிப்’ என்ற தனி அடைவுக்குள் போனால் அதே பாதை எங்கோ சுட்டுகிறது. மூலத்தோடு ஒட்டியே வெளியிட்டு, கையால் எழுதிய ஜாவாஸ்கிரிப்டுடன் குழம்பாதபடி ஒரு தனிப் பின்னொட்டையும் வைத்துக்கொண்டோம்.

வீட் கருவிக்கு மாறியபோது ரீஸ்கிரிப்ட் மூலத்தில் நாங்கள் தொட்டது மிகக் குறைவு: வெப்பேக் வழியாக வந்த சூழல் மாறிகளை (நிரலுக்கு வெளியிலிருந்து தரும் அமைப்பு மதிப்புகளை) மட்டும் புதிய முறைக்கு மாற்றினோம். வளர்ச்சிச் சூழலில் இரண்டு திருத்தங்கள் தேவைப்பட்டன. கம்பைலர் தன் இடைநிலைக் கோப்புகளை லிப் அடைவுக்குள் எழுதிக்கொண்டே இருக்கும். அதைக் கண்காணிப்பிலிருந்து விலக்காவிட்டால் ஒரே சேமிப்புக்குப் பக்கம் தேவையின்றிப் புதுப்பிக்கப்படும். திரைகளை அமைக்கும் ரியாக்ட் நூலகத்துக்கான ப்ளக்-இன்னுக்கும் நம் பின்னொட்டை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் படிவத்தில் பாதி நிரப்பிய எடை விவரம் அழியாமல் திரை மட்டும் மாறுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். வகைப் பிழை இருந்தால் கம்பைலர் புதிய கோப்பை எழுதுவதில்லை. பண்ட்லருக்கு எதுவும் தெரியாததால் உலாவி பழைய திரையையே காட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேரும் தம்பிகள் எல்லோரும் ஒருமுறையாவது, “சேவ் பண்ணியும் மாறலையேண்ணே” என்று கேட்டிருக்கிறார்கள். பிழையை உலாவியிலேயே காட்டும் ப்ளக்-இன் உண்டு. ஆனாலும் கம்பைலரின் டெர்மினலைக் கண்முன் வைத்துக்கொள்ளப் பழக்குவதையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அதன் பிழைச் செய்தி வரி எண்ணோடும் காரணத்தோடும் தெளிவாக இருக்கிறது. நாங்கள் பயன்படுத்திய பதிப்புகளில் கம்பைலர் சோர்ஸ் மேப் (வெளியீட்டின் வரியை மூல வரியோடு இணைக்கும் கோப்பு) தருவதில்லை. வாடிக்கையாளரின் கைப்பேசியில் எழும் பிழையைப் பண்ட்லரின் சோர்ஸ் மேப் வழியே தேடினால், இடையிலுள்ள ஜாவாஸ்கிரிப்ட் வரை மட்டுமே போக முடிகிறது. செயற்கூறுகளின் பெயர்கள் அங்கேயும் மாறாமல் இருப்பதால் மூல வரியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இருந்ததில்லை.

2024 ஜனவரியில் வந்த ரீஸ்கிரிப்டின் 11-ஆம் பதிப்பு பெரிய முன்னேற்றம். அதற்கு முன், செயற்கூறுகளைப் பகுதி பகுதியாக அழைக்கும் வசதிக்காக, வெளியீட்டில் பல இடங்களில் கர்ரி என்ற துணை மாட்யூலின் அழைப்புகள் நுழைந்திருந்தன. அவை குறைந்ததால் வெளியீடு கையால் எழுதியது போலவே ஆகிவிட்டது. தேவைப்படும்போது மட்டும் மாட்யூலை ஏற்றும் வசதியும் அதே பதிப்பில் கிடைத்தது. மாதக் கணக்கு அறிக்கைத் திரையை அப்படிப் பிரித்தபோது, அதைப் பண்ட்லர் தனிக் கோப்பாக ஒதுக்கியது. காலையில் எடை மட்டும் போடுபவரின் கைப்பேசி அறிக்கைக்கான நிரலை இறக்குவதில்லை.

வெளியீட்டுக் கோப்புகளை, நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் சேர்ப்பதா, ஒதுக்குவதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நாங்கள் சேர்க்கிறோம். கம்பைலரின் பதிப்பை உயர்த்தும்போது எந்தக் கோப்பில் எந்த வரி மாறியது என்பதை அது நேரடியாகக் காட்டுகிறது. கமிஷன் கணக்கிடும் மாட்யூல் போன்ற இடங்களில் அந்த வேறுபாட்டை வரிவரியாகப் படித்தபின்பே ஒப்புக்கொள்கிறோம். செயலியை வெளியிடத் தயாரிக்கும் பில்ட் சர்வரில் கம்பைலர் முதலில் ஓடுகிறது. அதன் வெளியீடு கிட்டில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், வீட் கருவி தொடங்குவதற்கு முன்பே வேலை நிறுத்தப்படுகிறது.