கன்னியாகுமரி மீன் காட்சியகம்: ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டும்

துபாயிலிருந்து திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை, மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி கன்னியாகுமரி வந்து, மாலையில் சென்னை ரயில் ஏறுகிறவர்களுக்கு நடுவில் நாலைந்து மணி நேரம் மிஞ்சும். படகுத்துறை வரிசை, விவேகானந்தர் பாறை, வள்ளுவர் சிலை, 2024 டிசம்பர் கடைசியில் திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எல்லாம் இந்த முறை சிக்கலில்லாமல் முடிந்தன. எழுத வேண்டியது, வெயில் தாங்காமல் பிள்ளைகளோடு ஒதுங்குகிற மீன் காட்சியகத்தைப் பற்றி. தனியார் நடத்துவது, பெயர் வேண்டாம்.

மதியம் ஒன்றரை மணிக்குக் கரண்ட் போனது. அரை நிமிடத்தில் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது, கவுன்டர் மின்விசிறி சுற்றியது, நின்ற பாட்டுகூடத் திரும்பப் பாடியது. தொட்டிகளில் குமிழி மட்டும் வரவில்லை. ஏர் பம்புகளையும் தண்ணீரைச் சுற்ற வைக்கும் மோட்டாரையும் ஜெனரேட்டர் லைனில் சேர்க்கவே இல்லை.

கால் மணி நேரத்தில் களவா மீன் தொட்டியின் அடியை விட்டு மேலே வந்து வாயைப் பிளந்தது. செவுள் மூடி படபடவென்று அடித்தது. கல் இடுக்கை விட்டு அசையாத, பாம்பு போல் நீண்ட அஞ்சாலை மீன் உடம்பை முழுக்க வெளியே நீட்டி, தலையைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்தது. சுற்றி நின்றவர்கள் மீன் விளையாடுவதாக நினைத்து செல்போனில் படம் பிடித்தார்கள். அது மூச்சுத் திணறல்.

காரணம் எளிது. 28 டிகிரி வெப்பத்தில் நன்னீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், கடல்நீரில் 6.4 தான். தண்ணீர் சூடாக ஆக அதுவும் குறையும். 4×2×2 அடித் தொட்டியில் தண்ணீர் சுமார் 450 லிட்டர். அதில் முழங்கை நீளக் களவா இரண்டு, பாறை மீன் நான்கு. போதாததற்கு அப்போதுதான் தீனி போட்டிருந்தார்கள். தின்ற மீனுக்கு ஆக்சிஜன் இன்னும் அதிகம் வேண்டும். துபாய் மால் தொட்டியில் இருப்பது ஒரு கோடி லிட்டர். அதை இதோடு ஒப்பிடுவது நியாயமில்லை. ஆனால் அங்கே கரண்ட் போவதே அபூர்வம். அங்கே மறந்துவிட்டார்கள் என்றால் மன்னிக்கலாம். கரண்ட் கட்டோடு பிறந்து வளர்ந்த நம்மூரில், ஜெனரேட்டர் வாங்கிய பிறகும், பாட்டுக்குக் கொடுத்த லைனை மீனுக்குக் கொடுக்காமல் விட்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துக் கரண்ட் வந்தது. மூன்று தொட்டிகளில் அப்போதும் குமிழி இல்லை. பம்புகளைத் தொட்டிக்குக் கீழே, தரையில் வைத்திருந்தார்கள். பம்ப் நின்றதும் காற்றுக் குழாய் வழியாக உப்புத் தண்ணீர் பின்னோக்கி இறங்கி உள்ளே புகுந்துவிட்டது. குழாயின் நடுவில், ஒரு பக்கம் மட்டுமே வழி விடும் நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் இது நடக்காது. விரல் நுனி அளவுப் பிளாஸ்டிக் துண்டு, மீன் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும். பொருத்தும்போது திசை முக்கியம்: பம்ப் பக்கமிருந்து வாயால் ஊதினால் காற்று போக வேண்டும், மறுபக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. உப்புப் படிந்தால் அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது மாற்ற வேண்டும். அதுவும் வேண்டாமென்றால் பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு பலகை அடித்து வைத்தாலே போதும். அதற்குச் செலவே இல்லை.

அன்றைக்கு அந்த மீன்களைக் காப்பாற்றியது தரை துடைக்கும் அக்கா. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வாளியும் சொம்பும் எடுத்து வந்தார். கையைக் கழுவி, தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து மறுபடி அதிலேயே ஊற்றத் தொடங்கினார். கவுன்டர் பையனையும் கூப்பிட்டார்: "மக்களே, அங்க நின்னு பாக்காத, நீயும் ஒரு சொம்பு எடு. மேல இருந்து ஊத்துனாத்தாம்லே காத்து ஏறும்." படிப்பு எதுவும் சொல்லித் தரவில்லை, கடற்கரையில் பிறந்த அறிவு. தண்ணீர் மேற்பரப்பு உடைந்து கலங்கும்போதுதான் காற்றிலிருந்து ஆக்சிஜன் உள்ளே போகும். ஏர் பம்பின் குமிழி செய்வதிலும் பெரும்பங்கு அந்தக் கலக்கல்தான். பக்கத்து மீன்பிடித் துறைமுகமான சின்னமுட்டத்தில் கல்லிறாலை நனைந்த சாக்கில் சுற்றி உயிரோடு கரை சேர்த்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் வெளிநாட்டுக் காட்சியகங்களில் சீருடை போட்ட ஊழியரிடமிருந்துகூட இப்படி ஒரு ஓட்டத்தைக் கண்டதில்லை. இரண்டு பேரும் மாறி மாறி ஊற்ற, இருபது நிமிடத்தில் அஞ்சாலை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

நடத்துகிறவர்கள் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஒரு சின்ன ஏர் பம்ப் 5 வாட் எடுக்கும். பத்துப் பம்புக்கு 50 வாட். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி நல்ல நிலையில் இருந்தால், இழப்பெல்லாம் கழித்தும் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பம்புகளை மட்டும் அதில் தனி லைனாக இழுத்துவிட்டால் ஜெனரேட்டர் டீசல் தீர்ந்தாலும் கவலையில்லை. தொட்டித் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டும் மூடிய டப்பா ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் உடனே ஸ்விட்சைப் போடக் கூடாது. உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, கழிவைத் தின்னும் பாக்டீரியா செத்து, அது அழுகியிருக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, ஃபில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசி, பிறகுதான் ஓட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள குளோரின் மிச்ச பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அன்றைக்கு முழுக்கத் தீனி கிடையாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் தண்ணீரில் அம்மோனியா (கழிவிலிருந்து வரும் நஞ்சு) அளவு பார்த்து, ஏறியிருந்தால் நாலில் ஒரு பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும்.

போகிறவர்கள் டிக்கெட் எடுக்குமுன் முதல் தொட்டியை எட்டிப் பாருங்கள். குமிழி சீராக வருகிறதா, மீன்கள் நடுத் தண்ணீரில் நிற்கின்றனவா, பம்ப் மேலே இருக்கிறதா தரையில் இருக்கிறதா. மீன் மேலே வந்து வாய் பிளந்தால் படம் எடுக்காமல் ஆளைக் கூப்பிடுங்கள். ஆள் இல்லையென்றால் துடைப்பம் வைத்திருக்கும் அக்காவைத் தேடுங்கள்.