பயண உதவித்தொகை என்று சொல்லி 48,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், ஆர்க்கிடெக்சர் முடித்தவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

பி.ஆர்க் முடித்து ஓரிரு வருடம் ஆனவர்கள், இந்த வருடம் தீசிஸ் கொடுக்கப் போகிறவர்கள், வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருக்கிற பெற்றோர், எல்லோரும் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். இவர்களிடம் சிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

போனது 48,500 ரூபாய். அதில் முப்பதாயிரம் அம்மா சீட்டு எடுத்த பணம். மிச்சம் நான் சென்னையில் ஒரு சின்ன ஆபீசில் மாதம் பதினாறாயிரத்துக்கு வொர்க்கிங் டிராயிங் (கட்டுமானத்துக்கான வரைபடம்) போட்டு, ஹாஸ்டல் வாடகை போகச் சேர்த்து வைத்தது. ஐந்து வருடப் படிப்புக்கு இதுதான் ஆரம்பச் சம்பளமா என்று வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள்.

டிசைன் போட்டிகள், ஒர்க்‌ஷாப்புகள் நடத்தும் ஆன்லைன் தளம் ஒன்று. பெயரைப் போடவில்லை, புகார் நிலுவையில் இருக்கிறது. புதிதாகப் படித்து முடித்த கட்டடக்கலைப் பட்டதாரிகளுக்கு இத்தாலி போய் வரப் பயண உதவித்தொகை, தேர்வானவர்களுக்கு 3,20,000 ரூபாய், வெனிஸ் நகரில் நடக்கும் பெரிய கட்டடக்கலைக் கண்காட்சியான பியனாலே முடிவதற்குள் கூட்டிப் போகிறோம் என்று விளம்பரம். அந்த பியனாலே உண்மை. 19-ஆவது கண்காட்சி, இத்தாலியக் கட்டடக் கலைஞர் கார்லோ ராட்டி பொறுப்பில், 2025 மே 10-இல் தொடங்கி நவம்பர் 23 வரை நடந்தது. விளம்பரத்தில் இருந்த ஊர், தேதி, ஆள் பெயர் எல்லாம் நிஜம். பணம் மட்டும்தான் பொய்.

இவர்கள் எந்த இடத்தில் வலை விரிக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நம் துறையில் பெயர் வாங்கிய பயண உதவிகள் பலவும் ஒன்று படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு, இல்லையென்றால் ஏற்கெனவே கொஞ்சம் வேலை செய்து காட்டியவர்களுக்கு. பிரிட்டனின் கட்டடக் கலைஞர்கள் சங்கமான ரிபா கொடுக்கும் நார்மன் ஃபாஸ்டர் உதவித்தொகை மாணவர்களுக்கானது. அமெரிக்காவின் பெர்க்லி பரிசும் இளநிலை மாணவர்களுக்காக வைக்கப்பட்டதுதான். ஹார்வர்டின் வீல்ரைட் பரிசு ஒரு லட்சம் டாலர், ஐ.எம்.பேய் போன்ற பெரிய கட்டடக் கலைஞர்கள் வாங்கியது, 2013 முதல் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் நேற்று கல்லூரியை விட்டு வந்த ஒருத்தி அந்தப் போட்டியில் எங்கே நிற்பாள்? நடுவில் இருக்கிறோமே, கல்லூரி அடையாள அட்டையும் செல்லாது, சொந்தமாக ஒரு கட்டடமும் கட்டியிருக்க மாட்டோம், அந்த இரண்டு மூன்று வருடத்தில்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கொழுந்துவிட்டு எரிகிறது. அது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போர்ட்ஃபோலியோ அனுப்பினேன். எங்கே போய் என்ன பார்ப்பேன் என்று திட்டம் எழுதினேன்: விசென்சாவைச் சுற்றிப் பதினாறாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் வில்லாக்கள், வெரோனாவில் இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் கார்லோ ஸ்கார்பா சீரமைத்த காஸ்டெல்வெக்கியோ கோட்டை, அவர் கட்டிய பிரியோன் கல்லறைத் தோட்டம். வீடியோ காலில் நேர்காணல் வைத்தார்கள்.

அந்த நேர்காணலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "படித்த பிள்ளை, எப்படி நம்பினாய்?" என்று கேட்கிறார்களே, அவர்களுக்கான பதில் அங்கேதான் இருக்கிறது.

என் தீசிஸ் காரைக்குடிப் பக்கம் பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியது. பேசியவர் என் செக்‌ஷன் ஷீட்டை, அதாவது வீட்டை நெடுக்கே வெட்டிக் காட்டுவது போன்ற வரைபடத்தை, திரையில் திறந்தார். மேலோட்டமாகப் பார்த்து "நைஸ் ஒர்க்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. பெரிதாக்கிக்கொண்டே போய், வளவின் (உள்முற்றத்தின்) ஓரத்தில் ஓட்டுச்சரிவிலிருந்து மழைத்தண்ணீர் விழும் இடத்தில் நிறுத்தினார். "தூணுக்கும் தண்ணி விழுற கோட்டுக்கும் நடுவுல கொஞ்சம் இடம் விட்டிருக்கீங்களே, இது அங்க அளந்ததா, நீங்களா வச்சதா?" என்று கேட்டார். அளந்தது. நானும் தோழியும் அந்த வீட்டு வாட்ச்மேன் தாத்தாவிடம் கெஞ்சி உள்ளே போய், டேப்பின் ஒரு முனையை அவள் பிடிக்க மறுமுனையை நான் பிடித்து அளந்தது. எங்கள் ஃபைனல் ஜூரியில், அதாவது கடைசி மதிப்பீட்டில், வெளியிலிருந்து வந்த யாரும் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. இவர் பார்த்தார். அப்புறம் வெனிஸில் குவெரினி ஸ்டாம்பாலியா மாளிகையைப் பற்றிப் பேசினார், ஸ்கார்பா கால்வாய்த் தண்ணீரைத் தடுக்காமல் தரைத்தளத்துக்குள்ளேயே வர விட்டு அதற்கு வாய்க்கால் அமைத்ததை. "நீங்க மழைய உள்ள விட்டவங்க, அவர் கால்வாய உள்ள விட்டவர், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்சு பாருங்க" என்றார். செட்டிநாட்டு வீட்டுத் தரைக்கு இத்தாலியிலிருந்து பளிங்கு வந்ததே, அந்தக் கதையையும் திட்டத்தில் சேருங்கள் என்றார். போனை வைத்ததும் அழுதுவிட்டேன். ஒருவர் என் வேலையை உட்கார்ந்து படித்திருக்கிறார் என்ற சந்தோஷம் அது. அதைத்தான் அவர்கள் விலைக்கு விற்றிருக்கிறார்கள், 48,500 ரூபாய்க்கு.

சில நாளில் தேர்வுக் கடிதம் வந்தது. லெட்டர்ஹெட், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. கூடவே ஒரு ஒருங்கிணைப்பாளர் பேசினார். "ரீஃபண்டபிள் டெபாசிட் மட்டும் கட்டிடுங்கம்மா, கடைசி நேரத்துல ஆளுங்க பின்வாங்கிடுறாங்க, அதுக்குத்தான். ஃபர்ஸ்ட் இன்ஸ்டால்மென்ட்டோட அப்படியே திரும்பி வந்துரும். நானும் ஆர்க்கிடெக்ட்தாம்மா, உங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா?" என்றார். அப்பா தயங்கினார். அம்மாதான், "இவ்வளவு படிச்சும் வெளிய எங்கயும் போனதில்லையே, போயிட்டு வரட்டும்" என்று சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுத்தார். யுபிஐயில் அனுப்பினேன். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள், எல்லோரும் வாழ்த்துச் சொன்னார்கள், என்ன ஷூ எடுத்துப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் எத்தனை பேர் என்னைப் போல் பணம் கட்டியவர்கள், எத்தனை பேர் அவர்கள் ஆட்கள், இன்றுவரை தெரியவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது முழுக்க அலைக்கழிப்பு. விசாவுக்கான அழைப்புக் கடிதம் எங்கே என்று கேட்டால், இத்தாலியில் விடுமுறை. முதல் தவணை எங்கே என்று கேட்டால், அக்கவுண்ட்ஸில் மாதக்கடைசி வேலை. அடுத்த வாரம் கேட்டால் ஆடிட். அதற்கடுத்த வாரம் ஃபைனான்ஸ் ஹெட் ஊரில் இல்லை. நவம்பர் நெருங்க நெருங்க எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது இன்னொரு தொகை கேட்டார்கள், பயணக் காப்பீட்டுக்கு 22,000 ரூபாயாம். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பது உண்மைதான், ஆனால் சில வாரத்துக்கு அது சில ஆயிரங்களில் முடிகிற விஷயம், அதை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அந்த நிமிடத்திலிருந்து "அம்மா" போய் "மேடம்" ஆனது. மெசேஜுக்கு ப்ளூ டிக் மட்டும் விழும்.

பியனாலே முடிந்தே போனது. மூன்றாம் நாள் ஒரு மெயில்: உங்கள் இடத்தை அடுத்த பேட்ச்சுக்கு மாற்றியிருக்கிறோம், 2026 கட்டடக்கலை பியனாலேவுக்கு அழைத்துச் செல்வோம் என்று. 2026-இல் வெனிஸில் நடப்பது கலைக் கண்காட்சி! கட்டடக்கலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, இனி 2027-இல்தான். நானும் ஆர்க்கிடெக்ட்தாம்மா என்றவருக்கு இது தெரியாதாம். அதைக் குறிப்பிட்டு, என் 48,500 ரூபாயைத் திருப்பிக் கொடுங்கள் என்று பதில் எழுதினேன். விதிமுறையில் ஒரு வரியைக் காட்டினார்கள், கட்டியது டெபாசிட் இல்லையாம், "கமிட்மென்ட் ஃபீ"யாம், திரும்பாதாம். போனில் ரீஃபண்டபிள் என்று சொன்னீர்களே என்றால், எழுத்தில் இருப்பதுதான் செல்லும் மேடம் என்றார்கள். அன்று சாயங்காலமே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பணத்தைக்கூட விடுங்கள். போன வாரம் அவர்களின் புது விளம்பரம் என் கண்ணில் பட்டது. "எங்கள் தேர்வாளர்களின் படைப்புகள்" என்று போட்டு அதில் என் செக்‌ஷன். அதே வளவு, அதே ஓடு. கீழே மூலையில் இருந்த என் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். நான் வரைந்ததை வைத்தே அடுத்த பிள்ளைக்கு வலை விரிக்கிறார்கள். இதை எழுத உட்கார்ந்ததே அதைப் பார்த்த பிறகுதான், எழுதும்போதும் கை நடுங்குகிறது.

வங்கியில் கேட்டேன், நீங்களாக அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். ஸ்டேஷனில் இது சிவில் விவகாரம் மாதிரி இருக்கிறதே என்று இழுத்தார்கள். கடைசியில் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்து, சைபர் க்ரைம் போர்ட்டலில் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். பணம் போன உடனே சொல்லியிருந்தால் எதிராளி கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம் என்றார்கள். உடனே எப்படிச் சொல்வது? இன்று வரும் நாளை வரும் என்று என்னை மாதக்கணக்கில் இழுத்தடித்ததே அதற்குத்தானே.

சரி, சொல்கிறேன் என்றேனே. தேர்வான பிறகு டெபாசிட், கமிட்மென்ட், காப்பீடு என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அது உதவித்தொகை இல்லை, அங்கேயே நிறுத்திவிடுங்கள். விசா கட்டணத்தை விசா மையத்தில் நாமேதான் கட்டுவோம், இடையில் யாருக்கும் கொடுக்காதீர்கள். முன்பு போய் வந்தவர் என்று ஒருவரையாவது காட்டச் சொல்லுங்கள், நீங்களே தேடிப் பிடித்துப் பேசுங்கள், அவர்கள் கொடுக்கும் நம்பரில் வேண்டாம். முழு அளவு ஷீட்டுகளை யாருக்கும் அனுப்பாதீர்கள், சின்ன அளவில், பெயரை நடுவிலேயே போட்டு அனுப்புங்கள். பணம் போய்விட்டது என்றால் அன்றைக்கே 1930. போனில் சொல்வதையெல்லாம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். வேறு எதுவும் இப்போது எனக்குத் தோன்றவில்லை.

வெனிஸ், பியனாலே, டெபாசிட் என்று இதே மாதிரி யாராவது பணம் கட்டியிருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். கட்டிய ரசீது, தேர்வுக் கடிதம், வாட்ஸ்அப் ஸ்க்ரீன்ஷாட் எதையும் அழித்துவிடாதீர்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்ப முடியாது. வரும் திங்கட்கிழமை நான் மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போகிறேன், வர முடிந்தவர்கள் வாருங்கள்.