மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் ஆய்வு மாதிரிகள்: மதுரைப் பயிலரங்கு பற்றிய மதிப்புரை

மதுரை அண்ணா நகரில், உயிரியல் முதுகலை மாணவர்களுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் வார இறுதி வகுப்புகள் எடுக்கும் ஒரு பயிற்சி மையம், உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூளை, தண்டுவட நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலரோசிஸ் நோய்க்கான பரிசோதனை மாதிரிகள் (நோயை ஆராய விலங்குகளிலோ செல்களிலோ அதைப் போலச் செய்து பார்ப்பவை) குறித்து நடத்திய ஒருநாள் பயிலரங்கு, கட்டணத்துக்குப் பெரும்பாலும் தகுதியானதே. ஆனால் விளம்பரத்தில் முதலிடம் பெற்றிருந்த 'வருங்காலத் திசைகள்' பகுதி, மாலைத் தேநீருக்குப் பின் அவசரமாக ஓட்டி முடிக்கப்பட்டது.

காலை அமர்வுதான் சிறப்பு. 1933இல் தாமஸ் ரிவர்ஸ் குழுவினர் குரங்குகளுக்கு மூளைத் திசுச் சாற்றைத் திரும்பத் திரும்பச் செலுத்திய சோதனையில் தொடங்கி, அதன் வழிவந்த இ.ஏ.இ. மாதிரி (நரம்பு உறைக்கு எதிரான நோயெதிர்ப்புத் தாக்குதலை விலங்குகளில் தூண்டுவது) நடாலிசுமாப் மருந்துக்கு வழிகாட்டியதையும், அதே மாதிரியில் பலனளித்த அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் புரதத்தின் தடுப்பு, லெனர்செப்ட் என்ற மருந்தாக நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்டபோது நோயை மோசமாக்கியதையும் அருகருகே வைத்து ஆசிரியர் விளக்கினார். வழக்கமான சுண்டெலி மாதிரியில் பாதிப்பு பெரிதும் தண்டுவடத்திலேயே நிகழ, மனிதரில் மூளைப் புறணியும் சிதைகிறது என்பதையும், நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான பி செல்களைக் குறிவைக்கும் ஆக்ரெலிசுமாபின் வெற்றியை மற்றொரு வகையான டி செல் சார்ந்த மாதிரிகளிலிருந்து ஊகித்திருக்க முடியாது என்பதையும் இவ்வளவு தெளிவாகத் தமிழில் நான் கேட்டதில்லை.

குப்ரிசோன் மாதிரிக்கு இன்னும் நேரம் ஒதுக்கியிருக்கலாம். குப்ரிசோன் என்ற நச்சு வேதிப்பொருளை எலித் தீவனத்தில் 0.2 சதவீதம் கலந்தால் ஐந்தாறு வாரங்களில் நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை உரிவதும், நிறுத்தினால் அது மீண்டும் வளர்வதும் நோயெதிர்ப்புத் தாக்குதல் இல்லாமலே நிகழ்வதால், உறையைப் புதுப்பிக்கும் மருந்துகளைச் சோதிக்க அதுவே ஏற்றது. எல்லாக் கேள்விக்கும் ஒரே எலி என்ற பழக்கத்தை விடுவதே அடுத்த கட்டம் என்பது என் கருத்து.

மாலையில் விடுபட்டவை பல. சுமார் 1 கோடி அமெரிக்கப் படைவீரர்களின் தரவுகளை ஆராய்ந்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றுக்குப் பின் நோய் அபாயம் 32 மடங்கு உயர்வதாக 2022இல் வெளியான ஆய்வு ஒரே படவில்லையில் முடிந்தது. சாதாரண எலிகளை அந்த வைரஸ் தொற்றாததால் மனித நோயெதிர்ப்புச் செல்கள் பொருத்திய எலிகள் தேவைப்படுகின்றன என்ற முக்கியமான இணைப்பு சொல்லப்படவே இல்லை. நோயாளிகளின் தோல் செல்களிலிருந்து உருவாக்கும் மூளைத் திசு மாதிரிகளும், முற்றிய நிலை நோய்க்கு வயதான விலங்குகளைப் பயன்படுத்துவதும் பெயரளவில் தலைகாட்டின.

அச்சிட்ட குறிப்பேடு நேர்த்தியானது. ஒலிபெருக்கிதான் பின்வரிசைக்கு எட்டவில்லை. விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதப்போகும் மாணவர்கள் தாராளமாகச் சேரலாம். மாதிரித் தேர்வுக்கான காரணங்களை எழுதும் பயிற்சி அங்கு உண்டு. புதிய மாதிரிகளுக்காகவே செல்ல நினைப்பவர்கள் அடுத்த முறை நிகழ்ச்சி நிரலைக் கேட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கட்டலாம்.