லைக் தேடல் இழுக்குதா? டிரைகிராமா, ஃபுல் டெக்ஸ்டா, எலாஸ்டிக்கா

டேபிள்ல சில லட்சம் அட்ரஸ் சேர்ந்து சர்ச் பாக்ஸ் சுத்த ஆரம்பிச்சாப் போதும், ஓஎம்ஆர் ஆபீஸ் மீட்டிங்ல மொதல்ல அடிபடற பேரு, தேடலுக்குன்னே தனியா ஓடற எலாஸ்டிக்சர்ச்தான். டேட்டாபேஸா போஸ்ட்கிரஸ் யூஸ் பண்றீங்கன்னா கொஞ்சம் பொறுங்க, கையிலயே டிரைகிராம், ஃபுல் டெக்ஸ்ட்னு ரெண்டு வழி இருக்கு.

எழுத்து நடுவுல எங்க இருந்தாலும் தேடற, ரெண்டு பக்கமும் பர்சென்ட் (%) போட்ட லைக் (LIKE) குவெரிக்கு சாதா பிட்ரீ (B-tree) இண்டெக்ஸ் உதவாது, ஆரம்ப எழுத்து தெரிஞ்சாத்தான் அதால தேட முடியும். குவெரி எப்படி ஓடுதுன்னு காட்டற எக்ஸ்பிளைன் அனலைஸ் போட்டுப் பாருங்க, சீக் ஸ்கேன்னு வரும், அதாவது மொத்த டேபிளையும் படிக்குது.

மெட்ராஸ் அட்ரஸுக்கு என் ஓட்டு டிரைகிராமுக்குத்தான். பிஜி டிரைஜிஎம் (pg_trgm) எக்ஸ்டென்ஷன் போட்டு ஜின் (GIN) இண்டெக்ஸ் கட்டினா வார்த்தைய மூணு மூணு எழுத்தா வெட்டி வச்சுக்கும், அப்புறம் இங்கிலீஷ்ல 'பாக்கம்' (bakkam)னு மட்டும் அடிச்சாக்கூட நுங்கம்பாக்கம் கோடம்பாக்கம் மீனம்பாக்கம் எல்லாம் வந்துடும், லைக் குவெரிய மாத்தக்கூட வேணாம். ஸ்பெல்லிங் குழப்பத்துக்கும் இதுதான் லாயக்கு. திருவான்மியூர்ல டி-க்கு அப்புறம் ஹெச் போடறவங்க பாதி, போடாதவங்க பாதி, ரெண்டையும், எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு 0-ல இருந்து 1 வரைக்கும் மார்க் போடற சிமிலாரிட்டி ஃபங்ஷன்ல குடுத்தா 0.69 கிட்ட வரும், டீஃபால்ட் த்ரெஷோல்ட் 0.3 தான், தாராளமா பாஸ். ஆனா கே.கே. நகர் ஆளு வெறும் ரெண்டு 'கே' அடிச்சு நிறுத்திட்டா மூணெழுத்து தேறாது, இண்டெக்ஸால பிரயோஜனம் இல்ல. அதனால மூணு எழுத்து வந்த பிறகே குவெரி போற மாதிரி வச்சுடுங்க. இண்டெக்ஸும் நல்லா குண்டாகும், இன்சர்ட் கொஞ்சம் மந்தமாகும்.

ஃபுல் டெக்ஸ்ட் வேற ஜாதி. கஸ்டமர் கம்ப்ளெயின்ட், ரிவ்யூ மாதிரி நீளமான எழுத்துக்கு அது. 'லீக்'னு தேடினா 'லீக்கிங்'கும் மாட்டும், ரேங்க் போட்டு வரிசைப்படுத்தலாம், 12வது வெர்ஷன்ல இருந்து வார்த்தைய வேருக்குக் குறைக்கற தமிழ் ஸ்டெம்மரும் இருக்கு. ஆனா வார்த்தையோட நடுவுல தேடாது, அந்த 'பாக்கம்' இங்க நுங்கம்பாக்கத்தக் கொண்டு வராது. தேடறதுக்காக வார்த்தைகளப் பிரிச்சு வச்சுக்கற டிஎஸ்வெக்டர (tsvector) ஒவ்வொரு குவெரியிலயும் கணக்குப் போடாம, டேபிள்ல தானா நிரம்பற ஜெனரேட்டட் காலமா (column) வச்சு அதுமேல ஜின் போடுங்க.

எலாஸ்டிக் நல்ல சரக்கு, சந்தேகமே இல்ல. ஃபில்டர் கவுன்ட், ஆட்டோகம்ப்ளீட், பல மொழி அனலைசர் எல்லாம் சேர்ந்து வேணும்னா அதுக்குப் போங்க. ஆனா டேட்டா ரெண்டு இடத்துல இருக்கும், சிங்க் உடைஞ்சா டிலீட் பண்ண ஆர்டர் சர்ச்ல எட்டிப்பாக்கும், ராத்திரி எந்திரிச்சு அதப் பாக்க ஒரு ஆளும் வேணும். சின்ன டீமுக்கு இது ஓவர்.

மைஎஸ்க்யூஎல் ஆளுங்களுக்கு ஃபுல்டெக்ஸ்ட் இண்டெக்ஸ்ல, எழுத்த துண்டு துண்டா வெட்டற என்கிராம் பார்சர் இருக்கு, அதப் பாருங்க.

போஸ்ட்கிரஸ்ல எதப் போட்டாலும் லைவ் டேபிள்ல இண்டெக்ஸ் கட்டற கமாண்ட்ல கன்கரன்ட்லி (CONCURRENTLY) சேர்த்துப் போடுங்க, இல்லன்னா இண்டெக்ஸ் கட்டி முடியற வரைக்கும் இன்சர்ட் அப்டேட் எல்லாம் க்யூல நிக்கும். அது டிரான்சாக்ஷனுக்குள்ள ஓடாது, உங்க மைக்ரேஷன் டூல்ல டிரான்சாக்ஷன ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க.