கோ, நோ-கோ, ஃபீல்டு: எந்த ஹெட்ஸ்பேஸ் கேஜை முதலில் வாங்குவது?

துப்பாக்கிக் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும், சேம்பரில் (தோட்டா அமரும் அறையில்) தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். அது அளவுக்கு மீறினால் சுடும்போது பித்தளைக் கூடு அடிப்பக்கத்தில் இழுபட்டு மெலியும். கூடு அறுந்தால் சூடான வாயு சுடுபவரின் முகத்தை நோக்கிப் பாயலாம். இந்தத் தூரத்தைச் சோதிக்கச் சேம்பரில் வைத்துப் பார்க்கும், துல்லியமான நீளமுள்ள உலோகத் துண்டுதான் கேஜ்; கோ, நோ-கோ, ஃபீல்டு என மூன்று நீளங்களில் வரும். அதை வாங்குவதில் கஞ்சத்தனம் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் மூன்றையும் ஒரே நாளில் வாங்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

.308 வின்செஸ்டர் என்ற ரைஃபிள் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். கோ கேஜ் 1.630 அங்குலம், நோ-கோ 1.634, ஃபீல்டு 1.638. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 0.2 மில்லிமீட்டர்தான். புதுக் குழல் பொருத்துபவருக்குக் கோவும் நோ-கோவும் தேவை: கோவின் மேல் போல்ட் மூட வேண்டும், நோ-கோவின் மேல் மூடக் கூடாது. பழைய துப்பாக்கியை வாங்கப் போகிறவருக்கு நான் முதலில் சொல்வது ஃபீல்டு கேஜ். தேய்ந்த சேம்பரில் நோ-கோ மூடிவிட்டால் அது எச்சரிக்கை. ஃபீல்டும் மூடிவிட்டால் அந்தத் துப்பாக்கியைச் சுடவே கூடாது. ஒன்றே வாங்க முடியும் என்ற நிலையில் அவர் கோவை வாங்கினால், சேம்பர் குட்டையாக இல்லை என்பது மட்டுமே தெரியும். அவருடைய பயம் அதுவல்லவே.

கேஜே வேண்டாம், புதுத் தோட்டாவின் அடியில் டேப் ஒட்டிப் பார்த்தால் போதும் என்பவர்கள் உண்டு. இதை நான் ஏற்கவே மாட்டேன். .308 தோட்டாவின் அடியிலிருந்து தோள் (கூடு குறுகும் சரிவு) வரையான நீளம் 1.627 முதல் 1.634 அங்குலம் வரை இருக்க, அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கித் தயாரிப்பாளர் அமைப்பான எஸ்ஏஏஎம்ஐயின் தரம் இடம் தருகிறது. அதாவது தோட்டாவுக்குத் தோட்டா 0.007 அங்குலம் வரை மாறலாம். கோவுக்கும் நோ-கோவுக்கும் இடைவெளியோ 0.004 தான். அளவுகோலே இவ்வளவு ஆடினால் எதை அளப்பது? போதாததற்கு டேப் வேறு நசுங்கும். மருந்து நிரப்பிய, வெடிக்கக்கூடிய தோட்டாவை வைத்துப் போல்ட்டை மூடித் திறப்பதும் ஆபத்து.

கேஜ் எந்தத் தர அளவைச் சேர்ந்தது என்பதும் முக்கியம். .308-ஐ ஒத்த ராணுவத் தோட்டாவான 7.62 நேட்டோவின் சேம்பருக்கான ராணுவ ஃபீல்டு கேஜ் 1.6455 அங்குலம். ராணுவ அளவில் சரியாக இருக்கும் துப்பாக்கி, வணிகத் தர ஃபீல்டு கேஜில் தோற்றுப்போகலாம். உங்களிடம் இருப்பது எந்தச் சேம்பர் என்று தெரிந்துகொண்ட பிறகே கேஜை வாங்குங்கள். .303 பிரிட்டிஷ் போன்ற விளிம்புள்ள தோட்டாக்களில் கணக்கே வேறு. அங்கே கேஜ் அளப்பது தோளை அல்ல, விளிம்புக்கான இடத்தை. அதில் கோ 0.064 அங்குலம்.

கேஜ் தயாரிக்கும் ஃபார்ஸ்டர், கிளைமர், மேன்சன் ஆகிய நிறுவனங்களில் எது சிறந்தது என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வம் குறைவு. ஒரே தயாரிப்பாளரின் கேஜ்களைச் சேர்த்து வாங்குங்கள். சேம்பரைக் குடையும் கருவியான ரீமரும் அவர்களுடையதாக இருந்தால் இன்னும் நல்லது. எந்தக் கேஜானாலும் சேம்பரைத் துடைத்து, போல்ட்டில் உள்ள ஃபயரிங் பின், கூட்டை இழுத்து வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர், எஜெக்டர் ஆகியவற்றைக் கழற்றி, போல்ட் கைப்பிடியை ஒற்றை விரலால் இறக்குங்கள். தடை தட்டியதும் நிறுத்திவிடுங்கள். போல்ட்டைப் பூட்டும் லக்குகளின் (புடைப்புகளின்) சரிவு தரும் நெம்புவிசை மிக அதிகம். பலங்கொண்டு அழுத்தினால் நோ-கோவின் மேலும் மூடிவிடும், கேஜும் சேம்பரும் கெடும்.