ஜமால் பெல்மாதியா, வலீத் ரெக்ராகியா?

வட ஆப்பிரிக்கக் கால்பந்து பற்றிப் பேச்சு எடுத்தாலே, இந்த இருவரில் யார் சிறந்த பயிற்சியாளர் என்ற கேள்வி வந்துவிடும். ஒரு பக்கம் அல்ஜீரியாவுக்கு ஆப்பிரிக்கக் கோப்பை வாங்கிக் கொடுத்த பெல்மாதி, இன்னொரு பக்கம் மொராக்கோவை உலகக் கோப்பை அரையிறுதி வரை கொண்டுபோன ரெக்ராகி. கோப்பையா அரையிறுதியா என்று இரண்டு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அணி கைக்கு வந்தபோது எப்படி இருந்தது, அதை என்ன செய்தார்கள், சரிவு வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்று பார்த்தால்தான் நியாயம். கணக்கை 2024 ஜனவரியோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்த மாதம்தான் இருவரும் ஐவரி கோஸ்ட்டில் ஒரே ஆப்பிரிக்கக் கோப்பைத் தொடரில் அடி வாங்கினார்கள்.

இருவரும் ஆறு மாத வித்தியாசத்தில், 1975 செப்டம்பரிலும் 1976 மார்ச்சிலும், பாரிஸின் சுற்றுவட்டார ஊர்களில் பிறந்தவர்கள். இருவரும் பிரெஞ்சு கிளப்புகளில் ஆடிவிட்டு, தேசிய அணி என்று வரும்போது பெற்றோரின் நாட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். பெல்மாதி நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொண்டு ஆட்டத்தை நகர்த்துகிறவர். 2001இல் பிரான்ஸுக்கு எதிராக ஸ்தாத் தெ பிரான்ஸில் அவர் போட்ட ஃப்ரீ கிக் கோலை அல்ஜீரியர்கள் இன்னும் மறக்கவில்லை. ரெக்ராகி வலது பக்கத் தடுப்பாட்டக்காரர், 2004 ஆப்பிரிக்கக் கோப்பை இறுதிப் போட்டி வரை போன மொராக்கோ அணியில் இருந்தவர். இந்தக் குணம் இரண்டையும் அவர்கள் உருவாக்கிய அணிகளிலும் பார்க்கலாம்.

2018 ஆகஸ்ட்டில் பெல்மாதிக்குக் கிடைத்தது உடைந்துபோன அணி. பயிற்சியாளர்கள் வந்தவண்ணமும் போனவண்ணமும் இருந்தார்கள், 2017 ஆப்பிரிக்கக் கோப்பையில் குழுச் சுற்றோடு வெளியேறியிருந்தார்கள், ஆட்டக்காரர்கள் மேல் ரசிகர்களுக்கு நம்பிக்கையே போயிருந்தது. ஒரு வருடம்கூட ஆகவில்லை, கோப்பையை எடுக்கப் போகிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு 2019 ஆப்பிரிக்கக் கோப்பைக்காக எகிப்துக்குப் போனார். ரியாத் மஹ்ரெஸைக் கேப்டனாக்கினார். தொடர் தொடங்கும் முன்பே, நேரலையில் ஒழுங்கு மீறி நடந்துகொண்ட ஒரு ஆட்டக்காரரைத் தயங்காமல் வீட்டுக்கு அனுப்பினார். ஏழு ஆட்டம், 13 கோல், வாங்கியது வெறும் இரண்டு. முன்னேறி அழுத்தவும் தெரியும், பந்தை வைத்து ஆடவும் தெரியும், தேவைப்பட்டால் பின்னால் உட்கார்ந்து காக்கவும் தெரியும். செனகலுக்கு எதிரான இறுதியில் இரண்டாவது நிமிடத்திலேயே புனெஜாவின் கோல் விழுந்தது, மீதி நேரம் முழுக்க அந்த ஒரு கோலைக் காப்பாற்றி முடித்தார்கள். 1990க்குப் பிறகு 29 வருடம் கழித்து வந்த கோப்பை. நைஜீரியாவுக்கு எதிரான அரையிறுதியின் 95ஆவது நிமிடத்தில் மஹ்ரெஸ் அடித்த ஃப்ரீ கிக்கை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது.

இந்தக் கோப்பையையும் சேர்த்து, 2018 கடைசியிலிருந்து 35 ஆட்டம் தோல்வியே இல்லாமல் போனார்கள். சிக்கலும் அதற்குள்ளேதான் வளர்ந்தது என்று நினைக்கிறேன். ஜெயித்த ஆட்களையே பிடித்துக்கொண்டார் பெல்மாதி. 2022 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் ஈக்வடோரியல் கினியாவிடம் அந்தத் தோல்வியில்லா ஓட்டம் முறிந்தது, குழுவில் கடைசி இடம். இரண்டு மாதத்தில் கேமரூனுடன் உலகக் கோப்பைத் தகுதி மோதல். டுவாலாவில் 1-0 என்று ஜெயித்துவிட்டு வந்து, பிளிடாவில் சொந்த ரசிகர்கள் முன்னால் கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் கேமரூன் ஆட்டக்காரர் டோகோ எக்காம்பி போட்ட கோலில் எல்லாம் போயிற்று. அந்தத் தோல்விக்கு நடுவரைக் குறை சொல்வதில் பெல்மாதி ரொம்ப நாள் கழித்துவிட்டார். கோபம் நியாயமாகவே இருக்கட்டும், ஆனால் அணியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. 2024 ஆப்பிரிக்கக் கோப்பையில் மௌரிடானியாவிடம் 0-1 என்று தோற்று வெளியேறியபோதும் மஹ்ரெஸ், ஃபெகூலி, ஸ்லிமானி, புனெஜா என்று அதே பெயர்கள்தான் அணியில் இருந்தன.

ரெக்ராகியின் கதை வேறு. 2022 ஆகஸ்ட் கடைசியில் அவருக்குக் கிடைத்தது ஏற்கெனவே உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற அணி. என்-நெசிரி, உனாஹி, அகெர்த் மூவரும் மொராக்கோவின் ஆறாம் முகமது கால்பந்து அகாடமியில் வளர்ந்தவர்கள், அதாவது அடித்தளத்தை வேறு யாரோ பல வருடம் முன்பே போட்டுவிட்டார்கள். பெல்மாதி பக்கம் நிற்பவர்கள் இதைச் சொன்னால் மறுக்க முடியாது. ஆனால் முந்தைய பயிற்சியாளரோடு முட்டிக்கொண்டு நட்சத்திர ஆட்டக்காரர் ஜியேஷ் வெளியே நின்றார், அணி ஒட்டாமல் கிடந்தது. மூன்று மாதம்கூட இல்லாத நேரத்தில் ஜியேஷைத் திரும்ப அழைத்து, 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்த ஓர் அணியை ஒரே குடும்பமாக ஆக்கினார். கத்தார் உலகக் கோப்பையில் பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல் மூன்றும் வீழ்ந்தன. அரையிறுதிக்கு முன்பு வாங்கிய ஒரே கோலும் கனடாவுக்கு எதிராகத் தங்கள் ஆளே போட்ட சுய கோல். ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டது, மொராக்கோ தன் இடத்தை விட்டு நகரவே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய காலம். பெல்மாதியின் கிளப் கோப்பைகள் எல்லாம் கத்தாரில் வந்தவை. லெக்வியாவிலும், பின்னால் அது அல்-துஹைல் ஆனபோதும் நான்கு லீக் பட்டங்கள், அதில் 2017-18 சீசன் தோல்வியே இல்லாமல். நல்ல சாதனைதான், ஆனால் பணத்துக்குப் பஞ்சமில்லாத கிளப் அது. ரெக்ராகியும் 2020இல் அதே அல்-துஹைலில் லீக் ஜெயித்தார் என்பதால், அந்த வேலை எவ்வளவு கஷ்டம் என்று அளக்க ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஆனால் ரபாத்தின் எஃப்யூஎஸ் கிளப்புக்கு 2016இல் அதன் வரலாற்றிலேயே முதல் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தது ரெக்ராகி. 2022இல் காசாபிளாங்கா கிளப்பான வைதாத்துக்கு லீக்கும் ஆப்பிரிக்க சாம்பியன்ஸ் லீக்கும். இறுதியில் தோற்றது முந்தைய இரண்டு வருடமும் அதே கோப்பையை எடுத்த எகிப்தின் அல்-அஹ்லி. ஆட்டம் காசாபிளாங்காவில் நடந்தது வைதாத்துக்குச் சாதகம்தான், அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் சம்பளப் பாக்கி, ரசிகர் நெருக்கடி, நிர்வாகக் குழப்பம் எல்லாம் சகஜமான ஒரு லீக்கில் இரண்டு வேறுவேறு கிளப்புகளோடு ஜெயிப்பது என் கணக்கில் பெரிய விஷயம். ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் ரெக்ராகி பக்கம் நிற்பதற்குக் காரணம் கத்தார் உலகக் கோப்பையைவிட இதுதான்.

ஆனால் பெல்மாதி ரசிகர்கள் ஒன்றைக் கேட்பார்கள், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பந்தை எதிரணி வைத்துக்கொண்டால் ரெக்ராகியின் அணி சுவர்போல நிற்கும், சரி. எதிரணி பந்தை இவர்களிடமே விட்டுவிட்டால்? 2024 ஜனவரி 30, ஐவரி கோஸ்ட்டின் சான் பெட்ரோவில் தென்னாப்பிரிக்கா அதைத்தான் செய்தது. மொராக்கோ பந்தோடு சுற்றிச் சுற்றி வந்தது, ஹக்கிமியின் பெனால்டி மேல் கம்பத்தில் பட்டுப் போனது, 0-2. பெல்மாதியின் 2019 அணி அந்த இரவு அங்கே ஆடியிருந்தால், கினியாவுக்கு மூன்று கோல் போட்ட மாதிரி, எப்படியாவது ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கும் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.