"சோல் கஸ்டடி வாங்கித் தருகிறேன்" என்ற வக்கீல்: பிள்ளை வழக்கில் பணம் எங்கே போகிறது

மனைவி பிள்ளைகளோடு சிங்கப்பூரின் யீஷூனிலுள்ள தாய்வீட்டுக்குப் போய்விட்டார். வார இறுதியில் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், கணவர் கேட்டது அவ்வளவுதான். உறவுக்காரர் கைகாட்டிய வக்கீல் முதல் சந்திப்பிலேயே "சோல் கஸ்டடியே வாங்கிடலாம் சார்" என்றார், அதாவது பிள்ளைகள் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதும் கணவருக்கே. டெபாசிட் 5,000 வெள்ளி. பிறகு மனைவியின் நடத்தையைக் கிழிகிழியென்று கிழிக்கும் நீண்ட அஃபிடவிட் (சத்தியம் செய்து தரும் எழுத்து வாக்குமூலம்), அதற்கு அவர் தரப்புப் பதில், பதிலுக்குப் பதில். கடைசியில் எல்லாம் நீதிமன்ற மீடியேஷனில் (சமரசப் பேச்சில்) முடிந்தது: ஜாயின்ட் கஸ்டடி (பெரிய முடிவுகள் இருவரும் சேர்ந்து), தாயிடம் கேர் அண்ட் கன்ட்ரோல் (அன்றாடப் பராமரிப்பு), தந்தைக்கு வார இறுதி ஆக்சஸ் (பிள்ளைகளைப் பார்க்கும் நேரம்). பில் 20,000 வெள்ளியைத் தாண்டியிருந்தது. கோப்பை வாங்கிப் புரட்டியபோதுதான் தெரிந்தது, கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டை மனைவியின் வக்கீல் தம் முதல் கடிதத்திலேயே முன்வைத்திருந்தார் என்று. அந்தக் கடிதத்தைக் கணவரிடம் யாரும் காட்டவில்லை. அதை வாசித்ததற்கான கட்டணம் மட்டும் பில்லில் இருந்தது.

எதிர்த்தரப்பிலிருந்து சமரச யோசனை வந்தால் அதைத் தாமதமின்றிக் கட்சிக்காரரிடம் சொல்வது வக்கீலின் கடமை. அதைத் தவறவிட்டால் ஒழுங்குமுறை மீறல். ஆகவே வக்கீலை அமர்த்தும் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள்: "வரும் கடிதம், போகும் கடிதம் எல்லாவற்றின் நகலும் அன்றன்றே எனக்கு மின்னஞ்சலில் வர வேண்டும்." இதற்கு முகம் சுளிப்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

"சோல் கஸ்டடி" ஏன் ஆபத்தான வாக்குறுதி? சிங்கப்பூரில் கஸ்டடி என்பது பிள்ளையின் படிப்பு, மருத்துவம், மதம் போன்ற பெரிய முடிவுகளை எடுக்கும் அதிகாரம். பிள்ளை யாருடன் தங்குகிறது, அன்றாடம் யார் கவனிக்கிறார் என்பது கேர் அண்ட் கன்ட்ரோல். மற்றவர் எப்போது பார்க்கலாம் என்பது ஆக்சஸ். 2005ல் சிஎக்ஸ் எதிர் சிஒய் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் இருவரின் பொறுப்பையும் வலியுறுத்தியது. அதிலிருந்து ஜாயின்ட் கஸ்டடியே வழக்கம். வன்கொடுமை போன்ற விதிவிலக்கான சூழலில்தான் ஒருவருக்கு மட்டும் கொடுக்கப்படும். இது தெரியாத குடும்ப வக்கீல் கிடையாது. தெரிந்தும் அதைக் கேட்டு மனு போட்டால் எதிர்த்தரப்பு சும்மா இருக்காது, வழக்கு நீளும். நீளும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பில் உண்டு. உங்களுக்கு உண்மையில் வேண்டியது சனி, ஞாயிறு என்றால் வக்கீலிடம் அதை மட்டும் சொல்லுங்கள்.

பில்லைப் பிரித்துப் பார்ப்போம். பல அலுவலகங்கள் 6 நிமிடத்தை ஓர் அலகாக வைக்கின்றன. மணிக்கு 400 வெள்ளி என்றால் ஓர் அலகு 40 வெள்ளி, 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்த்து 43.60. காலையில் ஒரு வாட்ஸ்அப், மதியம் ஒன்று, இரவு அழுதுகொண்டே ஒன்று என்று அனுப்பினால், ஒவ்வொன்றையும் வாசிக்க அரை நிமிடம்தான் ஆகும் என்றாலும், மூன்று அலகுகள், 130 வெள்ளி 80 காசு. கேள்விகளைச் சேர்த்து வைத்து வாரத்துக்கு ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். மனக்குமுறலைக் கேட்கக் குடும்பச் சேவை நிலையத்தில் ஆள் இருக்கிறார்கள். அங்கே மீட்டர் ஓடாது.

கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் எந்த வக்கீலுக்கு மணிக்கு எவ்வளவு, குறைந்தபட்ச அலகு எது, ஒரே விசாரணைக்கு இருவர் வந்தால் இருவருக்கும் கட்டணமா, நகல் எடுப்பதற்கும் மனு தாக்கலுக்கும் தனிச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் இருக்க வேண்டும். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் "கேஸைப் பொறுத்தது" என்பார்கள். அது உண்மைதான். அதனால் கட்டம் கட்டமாகக் கேளுங்கள்: முதல் கடிதம்வரை எவ்வளவு, மனுவும் அஃபிடவிட்டும் எவ்வளவு, மீடியேஷன் எவ்வளவு, விசாரணை எவ்வளவு. ஒரு வரம்பைத் தாண்டுவதற்கு முன் உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள். "ஃபிக்ஸ்ட் ஃபீ" விளம்பரங்களில் பெரும்பாலும் ஒரு சிறிய வரி ஒளிந்திருக்கும்: இருவரும் ஒத்துக்கொண்ட விவாகரத்துக்கு மட்டும். பிள்ளை விஷயத்தில் எதிர்த்தரப்பு "முடியாது" என்றவுடன் மணிக்கணக்குத் தொடங்கிவிடும்.

முன்பணம் வக்கீலின் சொந்தப் பணம் அல்ல. அது கட்சிக்காரர்களின் பணத்துக்கென்றே வக்கீல் அலுவலகம் வைத்திருக்கும் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். இதுவரை எவ்வளவு கழிக்கப்பட்டது, எந்த பில்லுக்கு, மீதி எவ்வளவு என்று மாதம் ஒருமுறை கேளுங்கள். "ஜெயித்தால் மட்டும் கொடுங்கள்" என்ற பேரத்துக்குக் குடும்ப வழக்கில் இடமில்லை. ஆள் பிடித்துத் தருபவருக்கு கமிஷன் கொடுப்பதற்கும் தடை உண்டு. ஆகவே உங்களை அழைத்துப் போகும் "ஏஜென்ட் அண்ணன்" யாரென்று ஒருமுறை யோசியுங்கள். "ரிப்போர்ட் எழுதும் அதிகாரி எனக்குத் தெரிந்தவர், முன்கூட்டியே பார்த்துச் சொல்கிறேன்" என்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். கஸ்டடி மதிப்பீட்டு அறிக்கை ரகசியமானது, நீதிபதிக்காகவே எழுதப்படுவது.

தமிழ்நாட்டிலிருந்து மணமுடித்து வந்து நீண்டகால வருகை அனுமதியில் இருக்கும் தாய்மாரிடம் வேறொரு கதை சொல்லப்படுகிறது: "பிள்ளை உங்களுக்குக் கிடைத்தால் பாஸும் தானாகக் கிடைத்துவிடும்." பாஸ் குடிநுழைவு ஆணையத்தின் முடிவு. எந்த வக்கீலும் அதற்கு உத்தரவாதம் தர முடியாது.

அஃபிடவிட்டில் நடக்கும் குளறுபடி தனி ரகம். ஆங்கிலத்தில் தயாராகி வரும், கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டி "இங்கே ஒரு சைன், அக்கா" என்பார்கள். சத்தியம் செய்பவர் நீங்கள், அதில் பொய் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். ஆங்கிலம் சரியாகப் புரியாவிட்டால் முழுவதையும் தமிழில் விளக்கிய பிறகே சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும், விளக்கப்பட்டது என்ற குறிப்பும் இறுதியில் இருக்க வேண்டும். வக்கீல் தமிழ் பேசுகிறார் என்பது மட்டும் போதாது. வரைவை இரண்டு நாள் முன்னதாகக் கேட்டு வாங்கி, நம்பகமான ஒருவருடன் உட்கார்ந்து வாசியுங்கள்.

பணத்தைவிடப் பெரிய சேதம் மோசமாக எழுதப்பட்ட நீதிமன்ற ஆணையால் வருகிறது. "நியாயமான ஆக்சஸ்" என்று மட்டும் எழுதிவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமையும் சண்டைதான். வெள்ளி இரவு 7 மணியா, சனி காலை 10 மணியா? யார் கூட்டிப்போவது, எந்த புளோக்கின் கீழ்த்தளத்தில் அல்லது எந்த எம்ஆர்டி நிலையத்தில் ஒப்படைப்பது? டியூஷனும் சிசிஏவும் (பள்ளி இணைப்பாட நடவடிக்கை) ஆக்சஸ் நேரத்தில் வந்தால் யார் அழைத்துப் போவது? ஜூன் மாத 4 வார விடுமுறையையும் ஆண்டிறுதி 6 வாரத்தையும் எப்படிப் பிரிப்பது? தமிழ்க் குடும்பங்கள் தவறவிடுவது ஒன்று உண்டு. "பொது விடுமுறைகள் ஆண்டுக்கு ஒருவர் மாற்றி ஒருவருக்கு" என்ற வரி தீபாவளியைத்தான் காக்கும். பொங்கலும் தைப்பூசமும் சித்திரைப் புத்தாண்டும் இங்கே பொது விடுமுறை அல்ல. அவற்றைப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். முன்மாதிரிப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றித் தரும் வக்கீலுக்கு இது தோன்றவே தோன்றாது.

ஊருக்குப் போகும் பயணமும் அப்படித்தான். ஆணை அமலில் இருக்கும்போது பிள்ளையை வெளிநாடு கொண்டுபோகப் பெற்றோர் இருவரின் எழுத்துபூர்வச் சம்மதம் அல்லது நீதிமன்ற அனுமதி வேண்டும். ஆனால் கேர் அண்ட் கன்ட்ரோல் உள்ளவர் ஒரு மாதத்துக்குக் குறைவான பயணத்துக்கு அழைத்துப்போகலாம். வெளிநாடு கடத்தப்பட்ட பிள்ளையைத் திருப்பி அனுப்பச் செய்யும் ஹேக் உடன்படிக்கையில் சிங்கப்பூர் இருக்கிறது, இந்தியா இல்லை. சென்னைக்குப் போன பிள்ளை திரும்பாவிட்டால் அந்த உடன்படிக்கை வழியாக மீட்க முடியாது. பயம் நியாயமானது என்றால் பாஸ்போர்ட் யாரிடம், பயண விவரம் எத்தனை நாள் முன்பு, திரும்பும் டிக்கெட்டின் நகல், தினமும் எத்தனை மணிக்கு வீடியோ அழைப்பு என்பதை ஆணையிலேயே சேர்க்க வேண்டும். 2025 முதல், ஆக்சஸ் தடுக்கப்பட்டால் இழந்த நேரத்துக்கு ஈடான நேரம், வீணான செலவுக்கு இழப்பீடு, பிணைத்தொகை போன்றவற்றை நீதிமன்றம் உத்தரவிட முடிகிறது. நேரமும் இடமும் தெளிவில்லாத ஆணையில் எது தடுக்கப்பட்டது என்று நிரூபிப்பதே பெரும்பாடு.

முஸ்லிம் தம்பதியரின் விவாகரத்து ஷரியா நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே வழக்கு நடத்திய அனுபவம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள்.

பில்லில் சந்தேகம் வந்தால் "தொல்லை விட்டது" என்று கட்டிவிடாதீர்கள். வக்கீல் பில்லை நீதிமன்றத்தின் மதிப்பீட்டுக்கு அனுப்பக் கேட்கலாம். ஆனால் பில் கிடைத்து 12 மாதம் கடந்துவிட்டாலோ, பணம் கட்டிவிட்டாலோ, சிறப்புக் காரணம் காட்டியாக வேண்டும். முதலில் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் கேட்டு எழுதுங்கள். பல பில்கள் அந்தக் கடிதத்துக்கே இளைத்துவிடும். நடத்தை பற்றிய புகார் என்றால் சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கத்துக்கு எழுத வேண்டும். நேர்மையில்லாத வக்கீலும் மெத்தனமான வக்கீலும் ஒன்றல்ல, புகாரில் இரண்டையும் கலந்தால் இரண்டுமே நிற்காது. தேதியும் ஆவணமும் மட்டும் போதும்.

வக்கீலை மாற்ற நினைத்தால் விசாரணைக்கு முந்தைய வாரத்தில் செய்யாதீர்கள். கட்டணப் பாக்கி இருந்தால் பழைய வக்கீல் கோப்பைத் தராமல் பிடித்து வைத்துக்கொள்ள முடியும். தாக்கலான ஒவ்வோர் ஆவணமும் உங்கள் மின்னஞ்சலில் ஏற்கெனவே இருந்தால், புதியவர் அடுத்த நாளே வேலையைத் தொடங்கலாம்.